பழைய ஆர்9 270எக்ஸ் கார்டில் லினக்ஸ் டிரைவரை மாற்றிப் பார்த்த அனுபவம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மேசைக் கணினியில் இன்டெல் ஐ5 3470 பிராசசரும், 8 ஜிபி ரேமும், பொள்ளாச்சியில் பழையதாக வாங்கிய ஏஎம்டி ஆர்9 270எக்ஸ் கிராபிக்ஸ் கார்டும் இருக்கின்றன. 2013 அக்டோபரில் வெளிவந்த இந்தக் கார்டு, 2012இல் வந்த எச்டி 7870இன் சிப் வடிவமைப்பையே கொண்டது. ஜிடிஏ 5 விளையாட்டு 2015இல் கணினிக்கு வந்தபோது, அதன் பரிந்துரைப் பட்டியலில் இதே பிராசசரும் அந்த எச்டி 7870 கார்டும் இடம்பெற்றிருந்தன. ஆகவே அந்த விளையாட்டு இந்தக் கணினியில் நன்றாக ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் குறை, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில்தான் இருக்கும் என்ற கணக்கோடு வேலையைத் தொடங்கினேன்.

விண்டோஸில் தொடர எனக்கு விருப்பமில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இவ்வளவு பழைய பிராசசருக்கு இடமில்லை. கார்டின் நிலையும் அதுதான். எச்டி 7000 வரிசை முதல் ஆர்9 ஃபியூரி வரையிலான கார்டுகளை ஏஎம்டி 2021 ஜூனிலேயே வழக்கமான டிரைவர் வெளியீடுகளிலிருந்து விலக்கிவிட்டது. லினக்ஸிலோ டிரைவரின் ஒரு பகுதி இயங்குதளத்தின் மையமான கெர்னலிலும் மறு பகுதி மெஸா என்ற கிராபிக்ஸ் நூலகத்திலும் திறந்த மூலநிரலாக இருப்பதால், தயாரித்தவர்கள் ஒதுங்கிய பிறகும் மற்றவர்கள் அதைச் செப்பனிட்டு வர முடிகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதுமல்ல. கேரளப் பள்ளிகளில், தமிழ் வழி வகுப்புகள் உட்பட, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு மாநில அரசின் கைட் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளத்தில்தான் கணினி கற்பிக்கிறார்கள். உபுண்டு 24.04ஐ நிறுவியபோது பாதி வேலையை அக்கா மகனே முடித்துக் கொடுத்தான்.

நிறுவிய உடனே சோனோடிக் என்ற இலவச விளையாட்டை ஓட்டிப் பார்த்தோம். ஒரு தடங்கலும் இல்லை. பிறகு ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைச் செயலியில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக ஜிடிஏ 5இன் பழைய டைரக்ட்எக்ஸ் 11 பதிப்பைத் தொடங்கினால், திரை வருவதற்குள் அது மூடிக்கொண்டது. “அது நல்லாத்தானே ஓடுது மாமா, இது மட்டும் ஏன் ஓடல?” என்று கேட்டான் அவன்.

ஓபன்ஜிஎல், வல்கன், டைரக்ட்எக்ஸ் ஆகியவை விளையாட்டுகள் கார்டுக்குக் கட்டளையிடும் முறைகள். சோனோடிக் ஓபன்ஜிஎல்லைக் கொண்டு படம் வரைகிறது. புரோட்டானில் உள்ள டிஎக்ஸ்விகே, டைரக்ட்எக்ஸ் 11 கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குக் கெர்னலில் ரேடியான், ஏஎம்டிஜிபியூ என இரண்டு டிரைவர்கள் உள்ளன. மெஸாவின் ஓபன்ஜிஎல் பகுதி இரண்டோடும் வேலை செய்யும். அதன் வல்கன் டிரைவரான ராட்விக்கோ ஏஎம்டிஜிபியூ கட்டாயம் வேண்டும். என் கணினியில் கார்டைப் பிடித்திருந்தது ரேடியான். கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் கே என்ற தெரிவைச் சேர்த்து இதை உறுதி செய்தேன். வல்கன் நிலையைக் காட்டும் வல்கன்இன்ஃபோவும், கார்டுக்குப் பதில் பிராசசரைக் கொண்டு வரையும் எல்எல்விஎம்பைப்பை மட்டுமே காட்டியது. ஒரு விளையாட்டு நன்றாக ஓடுவதை வைத்து டிரைவர் முழுமையாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது என்பதை இந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் அழுத்திச் சொல்வேன்.

மாற்றம் சிறியது. கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பில், கெர்னல் வரியில் ரேடியானுக்கான எஸ்ஐ சப்போர்ட் (இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கான ஆதரவு) மதிப்பை 0 என்றும், ஏஎம்டிஜிபியூவுக்கான அதே மதிப்பை 1 என்றும் எழுதி, கிரப்பைப் புதுப்பித்துக் கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். லினக்ஸ் 6.19 முதல் இந்தக் கார்டுகளுக்கு ஏஎம்டிஜிபியூவே இயல்பான டிரைவர் என்பதால், அந்தக் கெர்னல் உள்ளவர்களுக்கு இதற்குத் தேவை இருக்காது. மறுதொடக்கத்துக்குப் பின் வல்கன்இன்ஃபோவில் கார்டின் பெயர் வந்தது; ஜிடிஏ 5ம் திறந்தது.

அடுத்து வேகத்தைக் கவனித்தேன். விளையாடும்போதே வேகத்தை அளக்கும் மேங்கோஹட் காட்டும் சராசரி எண்ணைவிட, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் வரையப்படும் ஒரு படத்துக்கும்) ஆகும் நேரத்தின் கோடுதான் உண்மையைச் சொல்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிநொடி. சராசரி 60ஐ ஒட்டி இருந்தபோதும், நகருக்குள் வேகமாக வண்டி ஓட்டும்போது அந்தக் கோடு அடிக்கடி மேலே குதித்தது. காரணம் கார்டின் 2 ஜிபி நினைவகம். பொருட்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சரின் தரத்தை உச்சத்தில் வைத்தால் அது நிரம்பி, மீதித் தரவு பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக ரேமுக்குப் போய்வருகிறது. டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து, விளிம்புகளை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏவை அணைத்து, புல்லின் தரத்தையும் தாழ்த்தியதும் கோடு ஏறக்குறைய நேரானது. 1080பி தெளிவில் இதற்கு மேல் இந்தக் கார்டிடம் கேட்பது நியாயமல்ல.

வெப்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று கொண்டுவரும் புழுதி மின்விசிறியின் பின்னால் அப்பிக்கொள்கிறது. பிறகு வரும் கோடையோ கடுமையானது. கார்டைப் பிரித்துத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிய பின், எண்பதைத் தாண்டிக்கொண்டிருந்த வெப்பநிலை எழுபதுகளில் நிற்கிறது.

தனி ஆட்டம் மட்டுமே இதில் சாத்தியம். 2024 செப்டம்பரில் ஜிடிஏ 5இன் இணைய ஆட்டத்துக்கு பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் சேர்க்கப்பட்டதிலிருந்து லினக்ஸில் அந்தப் பகுதிக்குள் நுழைய முடிவதில்லை.

அக்கா மகனின் நண்பன் வீட்டில், அதே பரிந்துரைப் பட்டியலில் இருந்த இன்னொரு கார்டான என்விடியா ஜிடிஎக்ஸ் 660 இருக்கிறது. அதற்கான மூடிய டிரைவர் 470 வரிசையோடும் வல்கன் 1.2வோடும் நின்றுவிட்டது, டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 வேண்டும். எனவே பழைய டிஎக்ஸ்விகே உள்ள புரோட்டான் 7.0ஐ வைத்து அதை அடுத்து முயலவிருக்கிறோம்.