அப்டேட் பாதியில் நின்றால் பவர் பட்டனைத் தொடாதீர்கள்

பாம்பனில் உள்ள ஓர் ஐஸ் பிளான்ட்டின் கணக்குக் கணினியையும், மண்டபத்தில் தெரிந்தவர்கள் சிலரின் மடிக்கணினிகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றிலும் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. அப்டேட் போட்டால் பாதியில் உறைந்துவிடுகிறது என்பதே எனக்கு அதிகம் வரும் புகார். பெரும்பாலும் அந்த நேரத்தில் அது எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கும். அது எதுவென்று தெரிவதற்குள் கணினியை அணைத்துவிடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, பதிவிறக்கத்தில் நிற்கிறதா, நிறுவலில் நிற்கிறதா என்பதை. இவை இரு வேறு நிரல்களின் வேலைகள். மென்பொருள் தொகுப்பைப் பிரித்து உரிய இடத்தில் வைக்கும் டிபிகேஜி (dpkg), உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் 1994 முதலே இருக்கிறது. எந்தத் தொகுப்புக்கு எது தேவை என்று கணக்கிட்டு, இணையத்திலிருந்து இறக்கிக் கொடுக்கும் ஆப்ட் (apt), 1999இல் வெளியான டெபியன் 2.1 உடன்தான் வந்து சேர்ந்தது. பதிவிறக்கத்தில் நின்றால் கன்ட்ரோல்-சி அழுத்தித் தாராளமாக நிறுத்தலாம்; மறுபடி ஓட்டும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் நம் பக்கத்தில், பூஜ்ஜிய விழுக்காட்டிலேயே நிற்பதற்கு, புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6 வழியாகப் போக முயன்று பதில் கிடைக்காததும் காரணமாக இருக்கலாம். பழைய ஐபிவி4 வழியாக மட்டும் போகச் சொல்லும் ஆப்டின் ஃபோர்ஸ்ஐபிவி4 என்னும் தெரிவை இயக்கி ஒருமுறை ஓட்டினால் அது தெளிவாகிவிடும்.

நிறுவலில் நிற்பதுதான் கவனமாகக் கையாள வேண்டியது. பல வேளைகளில் அது நம்மிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடைக்காக நிற்கிறது. ஐஸ் பிளான்ட் கணக்காளர் ஒருநாள் போனில், "தம்பி, ஓகேன்னு காட்டுது, எத்தனை தடவை கிளிக் பண்ணாலும் நகர மாட்டேங்குது" என்றார். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான உரிம ஒப்பந்தம், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில் விரிந்திருந்தது. அந்தத் திரையில் மவுஸ் வேலை செய்யாது. "டேப் கீயை அழுத்துங்கண்ணே, ஓகே நிறம் மாறும், அப்புறம் என்டர்" என்றதும் மீதி வேலை மளமளவென்று முடிந்தது. பிரின்டருக்காக நாம் திருத்தி வைத்த அமைப்புக் கோப்பின் புதிய பதிப்பு வரும்போதும், பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று டிபிகேஜி கேட்கும். வெறும் என்டர் தட்டினால் நம்முடையதே இருக்கும். உபுண்டுவின் சாஃப்ட்வேர் அப்டேட்டர் சாளரத்தில் இந்த விவரங்களெல்லாம் ஒரு சிறு அம்புக்குறிக்குள் மடங்கிக் கிடப்பதால் கேள்வி கேட்கப்பட்டதே தெரிவதில்லை. இதனால்தான் அப்டேட்டை டெர்மினலில் ஓட்டும்படி நான் எல்லோரையும் வற்புறுத்துகிறேன்.

அடுத்தது பூட்டு; ஒரு நிரல் தொகுப்புகளை மாற்றும்போது இன்னொன்று குறுக்கிடாமல் தடுப்பது அது. காலையில் கணினியைப் போட்டதும், அணைந்திருந்த நேரத்தில் தவறிய தானியங்கி அப்டேட் பின்னணியில் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் நாமும் ஆப்டை அழைத்தால், இன்ன எண்ணுள்ள செயல் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பூட்டை வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அது காத்திருக்கும். உடனே அந்த லாக் கோப்பை அழித்துவிடுமாறு இணையத்தில் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பூட்டு என்பது அந்தக் கோப்பின் மீது இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் வைத்திருக்கும் குறிப்பு. கோப்பை அழித்தால் உள்ளே ஓடும் செயல் ஓடிக்கொண்டேதான் இருக்கும்; புதிதாக உருவாகும் கோப்பில் இன்னொரு செயலும் பூட்டு வாங்கிவிடும். ஒரே தரவுத்தளத்தில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன மிஞ்சும்? பொறுத்திருங்கள், பெரும்பாலும் தானாகவே விலகும்.

நடுவில் கரண்ட் போய்விட்டால், மீண்டும் வந்ததும் டிபிகேஜியைக் கான்ஃபிகர் தெரிவுடன் ஓட்டி, அரைகுறையாக நிற்கும் தொகுப்புகளை முடிக்கச் செய்ய வேண்டும். அப்போதும் சார்புகள், அதாவது ஒரு தொகுப்புக்குத் தேவையான பிற தொகுப்புகள், குறைபட்டால் ஆப்டின் ஃபிக்ஸ்-புரோக்கன் தெரிவு அவற்றைச் சரிசெய்யும்.

கேள்வியும் இல்லை, பூட்டும் இல்லை, ஆனாலும் நகரவில்லை என்றால், ஓடும் செயல்களைப் பட்டியலிடும் பிஎஸ் (ps) கட்டளையில் செயலின் நிலையைப் பாருங்கள். நெடுநேரம் 'டி' (D) என்றே இருந்தால் பெரும்பாலும் அது வன்வட்டின் பதிலுக்காகத் தவம் கிடக்கிறது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் ஐ/ஓ எரர் (I/O error) வரிகளும் தென்பட்டால் ஆப்டைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. முதலில் கணக்குக் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு, கணினியை முறைப்படி அணைத்து, வன்வட்டை இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி முனைகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் அவை களிம்பேறியிருக்கக்கூடும்.