மீன்பிடித் தடைக்காலத்தில் பழகிய வேலையை நேர்காணலில் சொல்லுங்கள்

பராமரிப்புப் பிரிவுக்குப் பயிற்சிப் பொறியாளர்களைத் தேர்வு செய்யும் குழுவில் சில ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று எங்கள் கடற்கரை ஊர்களின் பெயரை விண்ணப்பத்தில் பார்த்தால் மனம் தானாக நிமிர்ந்து உட்காரும். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் தங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை வெளியே வைத்துவிட்டு, பாதி தெரிந்ததை மட்டும் அறைக்குள் கொண்டுவருகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மண்டபம் பக்கத்து இளைஞர் ஒருவரின் நேர்காணல் இன்னும் நினைவில் இருக்கிறது. அவருடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்டோம். மூன்றாவது கேள்விக்கு மேல் பதில் வரவில்லை. வீட்டில் என்ன தொழில் என்று கேட்டேன். அப்பாவுக்கு விசைப்படகு என்றார், தயங்கித் தயங்கி. "தடைக்காலத்தில் படகு வேலை பார்ப்பீர்களா தம்பி?" என்றதும் ஆளே மாறிவிட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் என்ஜினைப் பிரிப்பதும் அப்போதுதான். ஒருமுறை கடலில் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியதாம். குளிர்விக்கும் கடல்நீர் பம்பைத் திறந்து பார்த்தால், நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் உடைந்திருந்தன. "புது இம்பெல்லர் போட்டு முடித்துவிட்டீர்களா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். "இல்லை சார். உடைந்த துண்டுகள் எங்கே போயின என்று தேடினோம். வெப்பப் பரிமாற்றியின் வாயில் அடைத்துக்கொண்டிருந்தன. அதை எடுக்காமல் விட்டிருந்தால் மறுபடியும் சூடேறியிருக்கும்" என்றார். பராமரிப்புப் பொறியாளரிடம் நாங்கள் தேடுவது இந்தப் புத்தியைத்தான். அந்த அனுபவத்தைப் பற்றி அவருடைய விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை.

அனுபவம் இருந்தால் பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பெரும்பாலும் எழுத்துத் தேர்வு இருக்கும். பொதுத்துறை நிறுவனங்கள் சிலவற்றில், பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வான கேட் மதிப்பெண்ணே வாசல். அதைத் தாண்டி உள்ளே வந்தால் அடிப்படைக் கேள்விகள்தான். மென் எஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும், இழுக்கும்போது உலோகம் எப்படி நீள்கிறது என்று காட்டும் தகைவு–திரிபு வரைபடத்தைப் போட்டுக் காட்டச் சொல்வோம். வார்ப்பிரும்பு ஏன் நெகிழாமல் சட்டென்று உடைகிறது என்று கேட்போம். பெட்ரோல் என்ஜினின் ஓட்டோ சுழற்சிக்கும் டீசல் என்ஜினின் டீசல் சுழற்சிக்கும் என்ன வேறுபாடு, மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு எவ்வளவு, வரைபடத்தில் 25 எச்7 (25 மில்லிமீட்டர் துளை; எச்7 என்பது அதில் அனுமதிக்கும் விலகலின் குறியீடு) என்று போட்டிருந்தால் துளை எவ்வளவு பெரிதாகலாம் என்றெல்லாம் வரும். கடைசிக் கேள்விக்கு 0.021 மில்லிமீட்டர் என்று எண்ணைச் சொன்னால் மகிழ்ச்சி. எண் நினைவில்லை, அட்டவணையில் பார்ப்பேன், துளை 25க்குக் கீழே மட்டும் போகக் கூடாது என்று சொன்னாலும் எனக்கு அதே மகிழ்ச்சி.

நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆயிரம் கிலோ தண்ணீர், 30 டிகிரி செல்சியஸ். ஒரு நாளில் அதை 0 டிகிரி பனிக்கட்டியாக்க எவ்வளவு குளிர்திறன் வேண்டும்? ஒரு கிலோவைக் குளிரவைக்க 126 கிலோஜூல், உறையவைக்க 334, ஆக 460. ஆயிரத்தால் பெருக்கி 86,400 நொடியால் வகுத்தால் சுமார் 5.3 கிலோவாட். ஐஸ் கம்பெனியை எட்டிப் பார்த்தவர்கள் இதோடு நிற்க மாட்டார்கள். சுவர் வழியே வெப்பம் உள்ளே வரும், ஐஸ் அச்சுகளைச் சுற்றியுள்ள குளிர்ந்த உப்புக்கரைசலைக் கலக்கும் மோட்டாரும் சூட்டைச் சேர்க்கும், அதனால் கூடுதலாக வேண்டும் என்பார்கள். அப்போது குழுவில் எல்லோரும் பேனாவை எடுப்போம்.

ஊர்க்காரர்களிடம் பாம்பனைப் பற்றியும் கேட்பேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும்புகிறது. முழு எடையையும் மோட்டாரா தூக்குகிறது? எதிர் எடைகள் பெரும்பகுதியைச் சமன் செய்துவிடுகின்றன. உராய்வு, காற்று, மிச்சமுள்ள எடை வேறுபாடு, நகரத் தொடங்கும்போது வேண்டிய விசை ஆகியவையே மோட்டாரின் பாடு. தினமும் பார்ப்பதைப் பற்றி யோசித்திருக்கிறார்களா என்று அறியத்தான் இந்தக் கேள்வி.

பலருக்கு ஆங்கிலம் பெரிய பயமாக இருக்கிறது. அந்தப் பயம் தேவையில்லை. வால்வு, பேரிங், கம்ப்ரசர் என்று பொருளின் பெயர் சரியாக வந்தால் வாக்கியம் தடுமாறுவதை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. எல்லாக் குழுவும் இப்படி இருக்காது என்பது உண்மைதான். இருந்தாலும் தாளும் பென்சிலும் கேட்டு வரைந்து காட்டுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஹெச்.ஆர். சுற்றில் ஷிப்ட், சம்பளம், ஒப்பந்தக் காலம் பற்றிப் பேசுவார்கள். தயங்காமல் கேளுங்கள். எத்தனை ஆண்டு ஒப்பந்தம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். படகுக்கு வாங்கிய கடனோடு, இப்படி முன்பணம் கட்ட வாங்கிய கடனையும் சுமக்கும் குடும்பங்களை எங்கள் கரையில் பார்த்திருக்கிறேன்.