சர்ஜரியிலிருந்து எமர்ஜென்சிக்கு: பக்கவாசல் வழியாகப் போன அனுபவம்

ஊரில் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடித்து, எம்ஆர்சிஎஸ் என்ற பிரிட்டிஷ் சர்ஜரி பரீட்சை எழுதி, அதை வைத்து ஜிஎம்சி (பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சில்) பதிவு வாங்கி இங்கிலாந்துக்கு வந்தவன் நான். இப்போது எமர்ஜென்சி மெடிசினில் ரெஜிஸ்ட்ரார், அதாவது கன்சல்டன்ட் என்ற மூத்த நிபுணருக்கு முந்தைய நிலை. எப்படி மாறினீர்கள், முதல் வருடத்திலிருந்து தொடங்காமல் நடுவில் நுழைய முடியுமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகப் பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. இது இங்கிலாந்து நிலவரம், இந்தியாவைப் பற்றி பின்னால் கொஞ்சம் வரும்.

சர்ஜரி ட்ரெய்னிங் இடம் கிடைக்காததால்தானே மாறினீர்கள் என்று நேரடியாகவே கேட்பார்கள். போட்டி கடுமை என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆன்கால் சர்ஜரி எஸ்ஹெச்ஓவாக (ரெஜிஸ்ட்ராருக்குக் கீழ் நிலை டாக்டர்) ராத்திரி முழுக்க ஏ அண்ட் ஈ எனும் எமர்ஜென்சி பிரிவுக்கு இறங்கிப் போய் ரெஃபரல் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது. வயிற்றுவலி என்று என்னிடம் வரும் நோயாளிக்கு அதற்கு முன்பே யாரோ ஒருவர் இது இதயமா, அயோர்ட்டாவா, கர்ப்பமா, வெறும் மலச்சிக்கலா என்று பார்த்து, பாதிக் குழப்பத்தைத் தீர்த்து அனுப்பியிருப்பார். அந்த முதல் பாதிதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. தியேட்டரில் நான்கு மணி நேரம் ரிட்ராக்டர் பிடிப்பதில் இருந்த ஆர்வம் அதற்குள் கரைந்துபோயிருந்தது.

சரி, வழிகளுக்கு வருகிறேன். வழக்கமான பாதை ஆறு வருடம். முதல் மூன்று வருடம் ஏசிசிஎஸ் என்ற அடிப்படைப் பயிற்சி. அதில் எமர்ஜென்சி, அக்யூட் மெடிசின், அனஸ்தீசியா, ஐசியு என்று நாலும் ஆறு ஆறு மாதம், மூன்றாவது வருடத்தில் குழந்தைகள் எமர்ஜென்சியும் மறுபடி பெரியவர்கள் எமர்ஜென்சியும். அப்புறம் எஸ்டி4 முதல் எஸ்டி6 வரை, அதாவது ஸ்பெஷாலிட்டி பயிற்சியின் நாலாவது முதல் ஆறாவது வருடம், இதுதான் ரெஜிஸ்ட்ரார் காலம். வேறு துறையில் சில வருடம் ஓட்டிவிட்டவர்களை இதில் முதல் வருடத்திலேயே உட்கார வைப்பது வீண் என்று புரிந்துகொண்டு, ரெஜிஸ்ட்ரார் இடங்கள் பெருமளவு காலியாகக் கிடந்த நெருக்கடியில், 2014 வாக்கில் கொண்டுவந்ததுதான் டிஃபைன்ட் ரூட் ஆஃப் என்ட்ரி. எல்லோரும் டிஆர்இ என்றுதான் சொல்வோம். நேராக எஸ்டி3-இல் நுழைகிறீர்கள். ஆனால் அந்த எஸ்டி3 ஒரு வருடத்தில் முடியாது. உங்களிடம் எது இல்லையோ அதையெல்லாம் அங்கேதான் நிரப்புவார்கள், இரண்டு வருடம் வரை இழுக்கும். அதன் பிறகு மற்றவர்களைப் போலவே எஸ்டி4.

யார் நுழையலாம் என்பதைப் பொதுவாகச் சொன்னால் இரண்டு வகை. இங்கே கோர் சர்ஜரி (சர்ஜரியின் ஆரம்பகட்டப் பயிற்சி) மாதிரியானதை முறையாக முடித்தவர்கள் ஒரு வகை. பயிற்சி இடத்தில் இல்லாமல், ஆனால் எமர்ஜென்சியிலும் அதைச் சார்ந்த துறைகளிலும் எஃப்2 (பட்டம் முடித்ததும் செய்யும் ஃபவுண்டேஷன் பயிற்சியின் இரண்டாவது வருடம்) நிலைக்கு மேல் போதிய காலம் வேலை பார்த்தவர்கள் இன்னொரு வகை. என்னுடைய இந்திய எம்.எஸ். தானாக எந்தக் கதவையும் திறக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்குக் கதவைத் திறந்தது, சர்ஜரியை விட்டுவிட்டு ஒரு நடுத்தர ஊர் மருத்துவமனையில் எமர்ஜென்சி ட்ரஸ்ட் கிரேடாக (பயிற்சி இடமில்லாமல் மருத்துவமனையே நேரடியாக எடுக்கும் டாக்டர்) சேர்ந்து வேலை பார்த்த காலம். எத்தனை மாதம், எந்தெந்தத் துறை, எந்தப் பரீட்சை என்ற வரிகளை ஆண்டுக்காண்டு திருத்துகிறார்கள். அதனால் என்னிடமோ வேறு யாரிடமோ கேட்காமல், நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தின் பர்சன் ஸ்பெசிஃபிகேஷன் என்ற தகுதி ஆவணத்தை வரி விடாமல் படியுங்கள். போன வருடத்து ஆவணத்தை வைத்துக்கொண்டு திட்டம் போட்டவர்கள் தெருவில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் ஓரியல் என்ற தளத்தில். இங்கே ஃபவுண்டேஷன் பயிற்சி செய்யாதவர்களுக்கு க்ரெஸ்ட் படிவம் என்று ஒன்று உண்டு. குறைந்தது மூன்று மாதமாவது உங்களோடு வேலை பார்த்த கன்சல்டன்ட் ஒருவர், ஒவ்வொரு திறனுக்கும் எதிரே ஆமாம், நான் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டம் விடுபட்டாலும் படிவம் செல்லாது. கன்சல்டன்டுகள் கடைசி நிமிடத்தில் லீவில் போவார்கள், வேறு ஊருக்கு மாறுவார்கள், இதெல்லாம் இயற்கை. அதனால் வேலையில் சேர்ந்த முதல் வாரமே படிவத்தை அச்செடுத்து அவர் மேசையில் வைத்து, இது எனக்கு இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். நம் ஊர் பழக்கத்தில் பெரியவர்களிடம் இப்படிக் கேட்க நாக்கு எழாது. இங்கே கேட்காவிட்டால்தான் தப்பு.

இன்டர்வியூ கோவிட்டுக்குப் பிறகு ஆன்லைன்தான். கேள்விகளில் மருத்துவம் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவத்தை எந்த வரிசையில் யோசிக்கிறீர்கள் என்பதைத்தான் தோண்டுகிறார்கள். ரிசஸில் (உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவர்களைப் பார்க்கும் பகுதி) இரண்டு பேர், வெளியே ஆம்புலன்ஸ் வரிசை, ஒரு ஜூனியர் அழுதுகொண்டிருக்கிறார், நர்ஸ் இன்சார்ஜ் படுக்கை இல்லை என்கிறார், இப்போது என்ன செய்வீர்கள்? இதற்கு ஒரு சர்ஜன் கொடுக்கும் இயல்பான பதில், மோசமான நோயாளியிடம் ஓடுவேன் என்பது. அவர்கள் எதிர்பார்ப்பது, யாரை எங்கே அனுப்புவேன், யாரைக் கூப்பிடுவேன், நான் எங்கே நிற்பேன் என்பது. இதை என்னோடு வேலை பார்த்த ஒரு கேரளத்து ரெஜிஸ்ட்ரார் சேச்சிதான் எனக்குப் பயிற்சி கொடுத்துப் புரிய வைத்தார். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் நிறுத்தி, “சரி, இப்போது உன் கை கட்டப்பட்டிருக்கிறது, வாயால் மட்டும் வேலை செய்” என்பார்.

உள்ளே போன பிறகு சர்ஜரி ஆட்களுக்கு எது சுலபம், எது கஷ்டம்? காயம், எலும்பு, செஸ்ட் ட்ரெய்ன், வயிறு, இதெல்லாம் கைக்குத் தெரிந்தவை. கஷ்டம் மூன்று இடத்தில். முதலாவது அனஸ்தீசியா. அதுவரை திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இன்னும் தூங்கவில்லையா என்று அலுத்துக்கொண்டவன், திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். ஐஏசி என்று ஒரு ஆரம்பநிலைத் தகுதி இருக்கிறது, அதை வாங்கினால்தான் தொலைவிலிருந்து மேற்பார்வை என்ற நிலைக்கே விடுவார்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடுவது அதில் சின்னப் பகுதிதான். டியூப் போகாவிட்டால் என்ன செய்வோம் என்பதை மருந்து ஏற்றுவதற்கு முன்பே சத்தமாகச் சொல்ல வைப்பதுதான் பெரிய பகுதி. இன்று ரிசஸில் நிற்கும்போது அந்த ஆறு மாதம்தான் எனக்குக் கைகொடுக்கிறது, எம்.எஸ். மூன்று வருடம் அல்ல.

இரண்டாவது, குழந்தைகள். இங்கே எமர்ஜென்சிக்கு வருபவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் குழந்தை. சர்ஜனாக நான் பார்த்த குழந்தைகள் ஹெர்னியாவும் அப்பெண்டிக்ஸும்தான். காய்ச்சலோடு அம்மா மடியில் கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்து, இது வைரஸா, இல்லை இன்னும் மூன்று மணி நேரத்தில் சுருண்டுவிடப் போகிறதா என்று சொல்லும் கண் எனக்கு இல்லை. நைஸ் என்ற சிகிச்சை வழிகாட்டி அமைப்பு வெளியிட்ட, காய்ச்சல் குழந்தையின் ஆபத்தைப் பிரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டவணை மனப்பாடம். ஆனால் முக்கால்வாசிக் குழந்தைகள் மஞ்சளில் வந்து விழும்போது அட்டவணை என்ன செய்யும்? பீடியாட்ரிக் நர்ஸ்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் விளையாட விட்டுத் திரும்பிப் பார், அம்மா பயப்படுகிறாள் என்றால் நீயும் பயப்படு, மூன்று மாதத்துக்குக் கீழே காய்ச்சல் என்றால் யோசிக்காதே, எல்லா டெஸ்டும் எடு. பெரிய கன்சல்டன்டுகள் சொன்னதைவிட இதெல்லாம் நன்றாக நிற்கிறது.

மூன்றாவதை யாரும் எச்சரிக்க மாட்டார்கள். வீட்டுக்கு அனுப்புவது. சர்ஜரியில் எனக்கு நோயாளி என்றாலே படுக்கையில் இருப்பவர், நாளைக் காலை ரவுண்டில் மறுபடி பார்க்கலாம். எமர்ஜென்சியில் முக்கால்வாசிப் பேரை ஒரே ஒரு தடவை பார்த்து, நெஞ்சுவலியோடு வந்தவரை நம்பிக்கையோடு வெளியே அனுப்ப வேண்டும், அதுவும் வந்தவரை நாலு மணி நேரத்துக்குள் முடிவு செய்து அனுப்ப வேண்டும் என்ற இலக்கு தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும்போது. ட்ரோபோனின் என்ற இதய ரத்தப் பரிசோதனை இரண்டு தடவை பார்த்தாயிற்று, ஈசிஜி சரி, இருந்தாலும் ராத்திரி மூன்று மணிக்கு வீட்டில் படுத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன ஆனார் என்று நினைக்கும் வியாதி புதிதாக மாறி வருபவர்கள் எல்லோருக்கும் வரும். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. இப்போதும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

இதற்கு நடுவில் பரீட்சைகள். எம்ஆர்சிஇஎம் என்ற எமர்ஜென்சி மெடிசின் பரீட்சை மூன்று கட்டம்: பிரைமரி, இன்டர்மீடியட், ஓஎஸ்சிஇ (செய்முறைத் தேர்வு). பிரைமரி அடிப்படை அறிவியல், 180 கேள்வி, மூன்று மணி நேரம். ஆனாட்டமி சர்ஜனுக்குப் பிரச்சினை இல்லை, ஃபிசியாலஜியும் மைக்ரோபயாலஜியும் படுத்தும். பின்னால் ரெஜிஸ்ட்ரார் காலத்தில் எஃப்ஆர்சிஇஎம் என்ற மேல்நிலைப் பரீட்சை தனியாக இருக்கிறது. பரீட்சைகூடப் பரவாயில்லை, பயிற்சிச் சான்றுகளைச் சேர்க்கும் போர்ட்ஃபோலியோதான் ஆளைக் கொல்லும். 2021 பாடத்திட்டத்தில் 12 கற்றல் இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் சான்று, ஒவ்வொரு சான்றுக்கும் யாராவது கையெழுத்து. அதில் எஸ்லே என்று ஒன்று, கன்சல்டன்ட் ஒருவர் மணிக்கணக்கில் பின்னாலேயே நின்று நீங்கள் எமர்ஜென்சி பிரிவை எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்ப்பது. மாமியார் பக்கத்தில் நிற்க ரசம் வைப்பது மாதிரி இருக்கும், ஆனால் மொத்தப் பயிற்சியிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான். ஒரு நோயாளியிடம் எத்தனை நேரம் நின்றுவிடுகிறேன் என்பது வெளியிலிருந்து ஒருவர் சொன்னால்தான் தெரியும்.

பயிற்சி இடத்துக்கே போகாமல் இன்னொரு வழியும் இருக்கிறது. முன்பு சீசர் என்பார்கள், 2023 நவம்பரிலிருந்து அதன் பெயர் போர்ட்ஃபோலியோ பாத்வே. ஸ்பெஷாலிட்டி டாக்டராகவோ ட்ரஸ்ட் கிரேடாகவோ வேலை பார்த்துக்கொண்டே, புதிதாகத் தகுதி பெறும் கன்சல்டன்டுக்கு வேண்டிய அறிவும் திறமையும் அனுபவமும் எனக்கு இருக்கிறது என்று ஆவணங்களால் ஜிஎம்சிக்கு நிரூபித்து, ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டரில் ஏறுவது. மெடிசின் எம்.டி. முடித்த எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் இந்த வழியில் போனார். குடும்பம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு லோன், பயிற்சிக்காக ஊர் ஊராக மாற முடியாது, அவருக்கு இதுதான் சரி. ஆனால் பயிற்சியில் எனக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த அனஸ்தீசியாவையும் ஐசியுவையும் அவர் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது. அவருடைய மருத்துவமனை வேலையில் சேர்க்கும்போது அனுப்புகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ரோட்டா (டூட்டி பட்டியல்) வரும்போதும் ஆள் இல்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் வேறு மருத்துவமனைக்கு மாறித்தான் முடித்தார். அவர் திரட்டிய காகிதம் ஒரு பீரோ அளவு. ஒவ்வொரு பக்கத்திலும் நோயாளியின் பெயரும் எண்ணும் தெரியாமல் அடிக்க வேண்டும், ஒரு இடத்தில் விட்டாலும் திரும்பி வரும். “டேய், எமர்ஜென்சி படிச்சதைவிட கறுப்பு மார்க்கர் போட்டதுதான் அதிகம்” என்பார்.

எது நல்லது என்று கேட்டால், ஊர் மாற முடிகிறவர்கள் டிஆர்இ-க்கே முயற்சி செய்யுங்கள் என்பேன். காரணம் வேகமில்லை. உங்களுக்குப் பிடிக்காத, பயமாக இருக்கிற மாதங்களைத் தப்பிக்க விடாமல் உட்கார வைப்பது அந்த வழிதான். போர்ட்ஃபோலியோவில் போகிறவர்கள் வேலையில் சேரும்போதே செகண்ட்மென்ட் (வேறு துறைக்குச் சில மாதம் அனுப்புவது) எந்த மாதம், எத்தனை மாதம் என்று ஜாப் பிளானில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். ஸ்பெஷாலிட்டி டாக்டராகச் சில வருடம் இருந்துவிட்டுப் பயிற்சிக்குள் போனால் சம்பளம் குறையவும் கூடும், அதையும் வீட்டில் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டே மாற நினைப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே எம்.டி. எமர்ஜென்சி மெடிசினுக்கு 2009-இல் அங்கீகாரம் வந்தது, அதற்கு இணையான டிஎன்பியும் இருக்கிறது, இரண்டுமே பெரும்பாலும் நீட் பிஜி வழியாகத்தான். வேறு எம்.டி. முடித்தவர் நடுவில் நுழைய டிஆர்இ போன்ற வழி இல்லை. தனியார் மருத்துவமனைகள் நடத்தும் மூன்று வருட எம்இஎம் (மாஸ்டர்ஸ் இன் எமர்ஜென்சி மெடிசின்) படிப்பில் நல்ல பயிற்சி கிடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதுவும் எம்ஆர்சிஇஎம்மும் என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) அங்கீகரித்த முதுநிலைப் பட்டங்கள் அல்ல, மருத்துவக் கல்லூரி வேலைக்குப் போனால் இடிக்கும். அதே எம்ஆர்சிஇஎம்மை வைத்து ப்ளாப் என்ற தகுதித் தேர்வு இல்லாமல் ஜிஎம்சி பதிவு வாங்கலாம் என்பதால்தான் ஊரில் இவ்வளவு பேர் எழுதுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சி இடங்களில் பிரிட்டனில் படித்த பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று 2025 ஜூலையில் வந்த இங்கிலாந்து அரசின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நான் நுழைந்த காலத்துக் கணக்கு இனி செல்லாது. ஊர் வேலையை விட்டுவிட்டு, வந்தவுடன் பயிற்சி இடம் கிடைத்துவிடும் என்று கிளம்பாதீர்கள். வருகிறவர்கள், முதல் வேலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த மருத்துவமனையில் ஏற்கெனவே ட்ரஸ்ட் கிரேடாக இருக்கும் ஒருவரைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கிருந்து யாராவது அனஸ்தீசியாவுக்கு அனுப்பப்பட்டு உண்மையிலேயே போயிருக்கிறார்களா? பதில் சொல்ல அவர் யோசித்தால் வேறு இடம் பாருங்கள்.