பையனுக்கு ஒரு பக்கம் விதை இறங்கவில்லை: எங்கள் பத்து மாத அலைச்சல்

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது பையன் பிறந்தான். சுகப்பிரசவம், 2 கிலோ 900. துடைத்துச் சுற்றிக் கையில் கொடுக்கும்போதே நர்ஸ் அக்கா, "ஒரு பக்கம் விதை பைக்குள்ள இறங்கலைம்மா, டாக்டர் வந்தா காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல் வலி, பாலும் ஊறவில்லை, அது என் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போதுதான் அத்தை பார்த்துவிட்டு, "இடது பக்கம் பை சப்பையா கிடக்கே" என்றார்கள்.

இதையெல்லாம் ஏன் வெளியில் எழுத வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் சாயங்காலம் இருட்டின பிறகு வந்து, கதவைச் சாத்திவிட்டு, தங்கள் பையனுக்கும் இப்படித்தான், என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். அதில் ஒரு பையனுக்கு வயது ஏழு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இப்படி இருக்கும் என்றும், குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம் என்றும், முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே இறங்கிவிடும் என்றும் சொன்னார்கள். சரி, பொறுத்திருந்தோம். 14-ஆம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோதும் இறங்கவில்லை. பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம், ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம், ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து வயது வரை பார்க்கலாம், அவசரமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தையை நம்பி நான் நிம்மதியாக இரண்டு மாதம் இருந்தேன். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆறு மாதம் முடிந்ததும் எங்கள் ஊர் கிராம செவிலியர் அக்காதான் விடவில்லை. "ஆறு மாசத்துக்கு மேல அதுவா இறங்குறது ரொம்ப அபூர்வம், நீ தஞ்சாவூர் போ" என்று துரத்தினார். அங்கே அரசு மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் ஸ்கேன் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். குளிர்ந்த கை பட்டால் நன்றாக இருக்கும் விதைகூட மேலே ஏறிக்கொள்ளுமாம். பையனை என் மடியிலேயே உட்காரவைத்து, இடுப்பெலும்பு ஓரத்திலிருந்து விரலால் மெதுவாகக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வந்தார். தொடை இடுக்கில் நின்றார். "இந்தா, இங்க இருக்கு" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். ஊறவைத்த கொண்டைக்கடலையை விடச் சின்னதாக, தொட்டால் நழுவுகிற ஒரு உருண்டை. இதற்கு ஸ்கேனே தேவையில்லை, கைதான் கருவி என்றார்.

ஏன் காத்திருக்கக் கூடாது என்பதையும் அவர்தான் விளங்கச் சொன்னார். உடம்புச் சூட்டை விட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விதை ஒழுங்காக வளரும், அதற்குத்தான் அது வெளியே பையில் தொங்குகிறது. உள்ளேயே சூட்டில் கிடந்தால், பின்னாளில் விந்தணு உண்டாக்க வேண்டிய செல்கள் முதல் வயதிலிருந்தே குறைய ஆரம்பித்துவிடும். 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்றார். ஐந்து வயது என்பதெல்லாம் பழைய கணக்கு.

அப்புறம்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "வயல் வேலையா? மாசமா இருக்கும்போது மருந்து, கிருந்து கையாண்டீங்களா?"

எங்களுக்கு வலங்கைமான் பக்கம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம். அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கிறார்கள் என்றதும் குறுவைக்கு விதைநெல் ஊறப்போட்டோம். மூன்று மூட்டை, 90 கிலோ. கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து. நான்தான் கலந்தேன். அன்னக்கூடையில் தண்ணீரை ஊற்றி, பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, அந்த வெள்ளைப் பொடியைக் கொட்டி, முழங்கை வரை விட்டுக் கலக்கினேன். கை வெளுத்துப் போய் நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக இருந்தது. அடிபம்பில் கழுவிவிட்டுப் போய் உலை வைத்தேன். அப்போது எனக்குப் பத்தாவது வாரம். பிறகு ஐப்பசியில் சம்பாவுக்கு இலைச்சுருட்டுப் புழு வந்து என் வீட்டுக்காரர் மருந்து அடித்தபோது ஏழாம் மாதம், அவர் கைலியையும் சட்டையையும் என் துணியோடு சேர்த்து நான்தான் துவைத்தேன்.

இதைச் சொன்னதும் டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்மா, உங்க பிள்ளை விஷயத்துல யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்த வாரங்கள் முக்கியமான வாரங்கள்."

அதன் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். வயிற்றில் இருக்கும்போது விதை இரண்டு கட்டமாக இறங்குகிறது. 8 முதல் 15 வாரத்துக்குள் வயிற்றுக்குள்ளேயே கீழே வருகிறது, பிறகு சுமார் 25 முதல் 35 வாரத்துக்குள் தொடை இடுக்கு வழியாகப் பைக்கு வருகிறது. இரண்டுமே ஹார்மோன் போடும் கட்டளைப்படி நடப்பவை. இரண்டாவது கட்டத்துக்கு ஆண் ஹார்மோன்தான் முக்கியம். ஹார்மோன் என்பது ரத்தத்தில் கடுகை விடக் குறைந்த அளவில் வேலை செய்வது, அதனால் அதைப்போல நடிக்கிற, அல்லது அதன் வழியை மறிக்கிற ரசாயனமும் அதிகம் இருக்க வேண்டியதில்லை, நேரம் தவறாமல் வந்தால் போதும். இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் 1971 வரை கர்ப்பிணிகளுக்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாய்களின் பெண்களில் சிலருக்கு அரிய வகைப் புற்றுநோய் வந்தது, பையன்களுக்கு விதை இறங்காமை அதிகமாக இருந்தது. டென்மார்க்கில் பிறக்கும் பையன்களில் 9 சதவீதம் பேருக்கு இந்தக் குறை, கொஞ்ச தூரத்தில் இருக்கும் பின்லாந்தில் 2.4 சதவீதம்தான் என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாட்டுத் தாய்மாரின் பாலையும் சோதித்ததில், குறையோடு பிறந்த பிள்ளைகளின் தாய்ப்பாலில் பூச்சிக்கொல்லி எச்சம் மொத்தமாகப் பார்த்தால் கூடுதலாக இருந்தது. இதைப் படித்த அன்று பால் கொடுக்கவே பயந்துவிட்டேன். பாலை நிறுத்தவே கூடாது, அதன் நன்மை பெரிது என்று டாக்டர் சத்தம் போட்ட பிறகுதான் சமாதானமானேன்.

என்னை மிகவும் உலுக்கியது பாக்கெட்டில் இருந்த முக்கோணம். எங்கள் பாக்கெட்டில் பச்சை. பச்சை என்றால் ஒன்றும் செய்யாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தோம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பதெல்லாம் குடித்தாலோ தோலில் பட்டாலோ எவ்வளவில் உயிர் போகும் என்பதற்கான அடையாளம் மட்டும்தான். பிள்ளை உண்டாவதற்கும் கருவின் வளர்ச்சிக்கும் அது என்ன செய்யும் என்பதை அந்த நிறம் சொல்வதே இல்லை. இதே கார்பன்டசிம் எலிகளில் விதையைக் கெடுப்பதைக் கண்டிருக்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை இனப்பெருக்கத்துக்கும் கருவுக்கும் தீங்கு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பல்லால் கடித்துக் கிழித்திருக்கிறேன்.

கார்த்திகை பிறந்ததும் ஆபரேஷன், பையனுக்குப் பத்து மாதம். நல்ல மழை, முதல் பஸ்ஸில் போனோம். கஷ்டமாக இருந்தது கத்தி இல்லை, பட்டினிதான். மயக்க மருந்துக்கு நாலு மணி நேரம் முன்னாலேயே தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும். அவன் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து அழுகிறான், என் வாசனை இருக்கும்வரை அடங்க மாட்டான் என்று அவர் வாங்கிக்கொண்டு போய் வராந்தாவின் அந்தக் கோடியில் மழையைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு மணி நேரத்துக்குள்தான். தொடை இடுக்கில் ஒரு சின்னக் கீறல், பையில் ஒன்று, கூடவே இருந்த குடலிறக்கப் பையையும் கட்டிவிட்டார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் காலை அகட்டி இடுப்பில் வைத்துத் தூக்கக் கூடாது என்றார்கள், நம் ஊரில் பிள்ளையை வேறு எப்படித் தூக்குவது, நானும் அத்தையும் மாற்றி மாற்றி மடியிலேயே வைத்திருந்தோம்.

இப்போது விதைநெல்லுக்கு சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடிதான், கிலோவுக்கு 10 கிராம். வரப்பில் தட்டைப்பயறு போட்டு, புழுவின் முட்டையை அழிக்கிற குட்டிக் குளவிகள் உள்ள ஒட்டுண்ணி அட்டையைக் கட்டி மருந்தை நிறையக் குறைத்திருக்கிறோம். ஆனாலும் புகையான் பூச்சி வந்த வருஷம் அடிக்காமல் இருக்க முடியவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. அடித்தால் அவரே மோட்டார் கொட்டகையில் குளித்து, துணியை அங்கேயே தனியாக அலசிவிட்டுத்தான் வருகிறார். நடவும் களையும் பெண்கள் வேலைதானே, அடித்த வயலில் மறுநாளே இறங்குவதும் அவர்கள்தான். அதனால் ஆள் கூப்பிடப் போகும்போதே யாராவது முழுகாமல் இருக்கிறார்களா என்று நான் நேராகவே கேட்டுவிடுகிறேன், முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது அவர்களாகவே சொல்கிறார்கள். மருந்து வந்த காலி டப்பாவை வெட்டித் தண்ணீர் மொள்ள வைத்திருந்தோம், அதையும் தூக்கிப் போட்டாயிற்று. பிளாஸ்டிக்கிலும் ஹார்மோன் வழியை மறிக்கிற ரசாயனம் இருக்கலாம் என்பதால் சூடான சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் வாங்குவதும் இல்லை, தூக்கு எடுத்துக்கொண்டு போகிறார்.

ஏழு வயதுப் பையனின் அம்மாவோடு நானே தஞ்சாவூர் போய் வந்தேன், அவனுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது. தாமதமானாலும் செய்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர்.

விதை இறங்காமல் பிறந்தவர்களுக்குப் பெரியவர்களான பிறகு அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதல், சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் அது குறையும், ஆனாலும் வயதுக்கு வந்த பிறகு குளிக்கும்போது அவனே தடவிப் பார்க்கப் பழக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தழும்பு இப்போதே மங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச வருஷத்தில் தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கவர் போட்டு, ட்ரங்குப் பெட்டியில் நிலத்துப் பட்டாவோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.