அடுப்போரத்துப் போத்தல்

மலையிலிருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கியதும் அம்மா கேட்டது, "வீட்டுக்குள்ள என்னடி கசிப்பு வாடை?" என்றுதான்.

வெலிமடைப் பக்கம் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடத்துக்காக, மண்வெட்டி பட்டுத் தோட்டத்திலேயே விடப்பட்ட உருளைக்கிழங்கைப் பொறுக்கி, அவித்து மசித்து, முளைவிட்ட குரக்கனை அரைத்துக் கலந்தேன். கிழங்கின் மாப்பொருளை மதுவம் (ஈஸ்ட்) நேரடியாகத் தின்னாது. முளையிலுள்ள அமிலேசு என்ற நொதியம் அதை வெல்லமாக உடைத்துத் தர வேண்டும். பிறகு மதுவம் போட்டு, போத்தல் வாயில் பலூன் கட்டினேன். பாடசாலைக் குளிரில் இரண்டு நாளாகப் பலூன் அசையவே இல்லை. வீட்டு அடுப்போரத்தில் வைத்தேன். விடியும்போது காபனீரொட்சைட்டு நிறைந்து நிமிர்ந்து நின்றது.

அம்மாவின் கோபம் நியாயமானது. என் மாமா கசிப்பில்தான், அந்தக் கள்ளச் சாராயத்தில்தான், செத்துப்போனார். உட்கார வைத்துச் சொன்னேன்: உள்ளே இருப்பது கசிப்பில் இருக்கும் அதே மதுசாரம், எதனோல்தான், ஆனால் நான் வடிக்கப் போவதில்லை, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பது குற்றம். பிரேசிலில் 1975இலிருந்து இதைக் கரும்பில் எடுத்து வாகனம் ஓட்டுகிறார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் தம்பி ஆட்டோவோடு இரவெல்லாம் கிடந்தானே, அதற்கு ஒரு மாற்று இது. 10 கிலோ கிழங்குக்கு அதிகம் போனால் 1 லீற்றர் கிடைக்கும். அதன் சக்தியும் பெற்றோலில் மூன்றில் இரண்டு பங்குதான்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, அதக் காய்ச்ச விறகு?" என்றார்.

ஆயுசு முழுக்க விறகு சுமந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். போத்தலில் பத்தில் ஒரு பங்குகூட எதனோல் இல்லை, மிச்சமெல்லாம் தண்ணீர். கொதிக்க வைத்துப் பிரிக்கவே எரிபொருள் வேண்டும். சாதாரண வடிப்பு 96 சதவீதத்தோடு நின்றுவிடும். பெற்றோலில் கலப்பதற்கு அந்த மிச்ச நீரையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கரும்பாலைக்குச் சக்கையே விறகு. மலைக்குக் கீழே பெல்வத்தை, செவனகலைச் சீனி ஆலைகளில் சீனி எடுத்து மிஞ்சும் பாகிலிருந்து எதனோல் வடிக்கிறார்கள், அதில் பெரும்பகுதி சாராயத்துக்குப் போகிறதே என்பதுதான் எனக்கு வருத்தம். கிழங்குக்குச் சக்கை கிடையாது.

எங்களிடம் இருப்பது கவ்வாத்து மிலாறு, தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழும் குச்சி. அதிலுள்ள செலுலோசும் குளுக்கோசுச் சங்கிலிதான், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் உடைப்பது கடினம். "அப்ப நான் தலையில தூக்கிட்டு வர்றதும் சீனியா?" என்று கேட்டுவிட்டு, மிலாறு ஒன்றை ஒடித்து, ஒடிந்த முனையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் அம்மா.