மகளுக்கு வீட்டிலேயே பாடம்: எங்கள் முதல் இரண்டு வருடங்கள்

பெரம்பூரில் எங்கள் தெருவுக்குப் பள்ளி வேன் காலை 6.50-க்கு வரும். மூன்றாம் வகுப்பு படித்த என் மகள் அதற்காக ஐந்தே முக்காலுக்கே எழுந்துவிட வேண்டும். மாலை நாலரைக்கு வீடு, ஐந்தரைக்கு டியூஷன், அப்புறம் வீட்டுப்பாடம். ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரிக்கும்போது பிள்ளை என் மடியில் தூங்கியிருப்பாள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு வசனத்தைப் பேசச் சொல்கிறது உபாகமம் ஆறாம் அதிகாரம். எங்களுக்கோ அவளோடு சேர்ந்து உட்காரவே நேரமில்லை. வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன என்ற பேச்சு அப்படித்தான் எங்களுக்குள் வந்தது.

கணவர் ஒத்துக்கொண்டார். அத்தைதான், அதாவது என் மாமியார், ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குச் சொந்த ஊர் இடையன்குடிப் பக்கம். "மிஷனரிமாரு கோயிலு கட்டுன கையோட பள்ளிக்கூடமும் கட்டுனதாலதான் நம்ம பொம்பளப் பிள்ளைய நாலெழுத்து படிச்சிச்சி. அந்தப் பள்ளிக்கூடத்த விட்டுட்டு, கர்த்தருக்காகன்னு சொல்லுதியே" என்றார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தரங்கம்பாடியில் 1707-லேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த வரலாறும், கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியதும் எங்கள் குடும்பத்துக்குள் சாதாரணமாகப் பேசப்படுபவை. அத்தை கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொன்றையும் விசாரித்தேன்.

முதலில் சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் இருக்கிறது. வீட்டுக்கல்வி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. பெற்றோருக்கு அபராதமோ தண்டனையோ கிடையாது. தாங்களாக விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அப்படியே தொடரலாம், சட்டம் குறுக்கே வராது என்று 2012-ல் மத்திய அரசு டெல்லி உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. ஆக, அனுமதி வாங்கவோ பதிவு செய்யவோ தனியாக அலுவலகம் எதுவும் இல்லை. எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது அதே சட்டத்தின் நான்காவது பிரிவு. பள்ளியில் இல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அது. நமக்கு முடியவில்லை என்றால் திரும்பிப் போக வழி இருக்கிறது. அத்தையிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன்.

டிசி வாங்கப் போனபோது, எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பொய் சொல்ல மனசு வரவில்லை. வீட்டில் கற்பிக்கப் போகிறோம் என்று இருவரும் கையெழுத்திட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தோம், அதன் நகலில் ஒப்புகை வாங்கிக்கொண்டோம். பத்து நாள் இழுத்துத்தான் டிசி வந்தது. பள்ளியை விட்டதும் பிள்ளையின் பெயர், கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸ் கணினியில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பட்டியலான காமன் பூலுக்குப் போய்விடுகிறது. ஆகஸ்ட் மாதம், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு என்று ஒரு அம்மா போன் செய்து, அடுத்த வாரம் வீட்டுக்கே வந்தார். பயந்துவிடாதீர்கள். பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டோமோ, படிப்பை நிறுத்திவிட்டோமோ என்று பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள், அது வரவேண்டிய கேள்விதான். மனு நகல், அவளுடைய நோட்டுகள், நான் தினமும் எழுதி வைக்கும் டைரி எல்லாவற்றையும் காட்டினேன். மகளை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, டைரியை விடாமல் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த டைரிதான் எங்களுடைய வருகைப் பதிவேடு.

பாடத்திட்டத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன். கிறிஸ்தவ வீட்டுக்கல்வி என்று விசாரித்தால் எல்லோரும் முதலில் சொல்வது ஏசிஇ (ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்) என்ற பாடத்திட்டம். 1970-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது. ஒரு பாடத்துக்கு வருடம் 12 சிறு புத்தகங்கள். பிள்ளை தானே வாசித்து, தானே திருத்தி, தேர்வில் 80 மதிப்பெண் எடுத்தால் அடுத்த புத்தகம். ஒழுங்கும் பொறுப்பும் பழகுவதற்கு நல்ல முறை, குறை சொல்ல மாட்டேன். எங்கள் சபையில் ஒரு குடும்பம் கொடுத்த பழைய புத்தகங்களில் ஒரு மாதம் ஓட்டினோம். கணக்கில் டைம், குவார்ட்டர் என்று அமெரிக்கச் சில்லறை. பெரம்பூர் மார்க்கெட்டில் கால் கிலோ பீன்ஸுக்கு மீதிச் சில்லறை எண்ணத் தெரிய வேண்டிய பிள்ளைக்கு இது எதற்கு என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் தமிழ் இல்லை.

அதனால் ஆங்கிலத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கணக்கு, அறிவியல், தமிழுக்கு நம் அரசுப் பாடநூல்களையே எடுத்தோம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிற்பாடு பள்ளிக்குத் திரும்பினாலும் அவளுக்குப் பாடம் புதிதாக இருக்காது. இங்கிலாந்தில் வாழ்ந்த ஷார்லட் மேசன் என்ற ஆசிரியையின் முறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம்: ஒருமுறை வாசித்ததைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வி-பதில் மனப்பாடம் எங்கள் வீட்டில் அதோடு போனது.

ஆனால் முதல் இரண்டு மாதம் கஷ்டம். சுவரில் கரும்பலகை மாட்டி, எட்டரைக்கு மணியடிப்பதுபோல் ஆரம்பித்து, ஒரு மணிவரை நான் விடவில்லை. பள்ளியிலிருந்து அவளை எடுத்துவிட்டு அதே பள்ளியை ஹாலுக்குள் கொண்டுவந்திருந்தேன். ஒருநாள் பின்னக் கணக்கில் அவள் அழுதுவிட்டாள். "அம்மா, நீங்க மிஸ் மாதிரி பேசாதீங்க" என்றாள். அன்று கரும்பலகையைக் கழற்றிவிட்டு, இரண்டு வாரம் எந்தப் பாடமும் நடத்தவில்லை. தூங்கினாள், படம் வரைந்தாள், ஆச்சியோடு (என் அத்தையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) பூ கட்டினாள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இந்த இரண்டு வாரத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

தமிழ் வாசிப்புக்கு வேதாகமத்தையே வைத்தேன். 23-ஆம் சங்கீதம். "நான் தாழ்ச்சியடையேன்" என்ற இடத்தில் விரல் வைத்து, "தாழ்..ச்சி..யடை.. யேன்" என்று பிரித்துப் பிரித்து வாசித்தாள். ஒரு வாரத்தில் நான்காம் வசனம் வந்தது. கோலும் தடியும் என்னைத் தேற்றும். "தேற்றும்னா என்னம்மா?" என்றாள். ஆறுதல் சொல்வது என்றேன், அவளுக்குப் பிடிபடவில்லை. அதுவரை பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை, "போன மாசம் மாடிப்படியில விழுந்து முட்டிய பேத்துக்கிட்டு வந்தியே, ஆச்சி என்ன செஞ்சேன்?" என்று கேட்டார்கள். "மடில வச்சித் தடவிக் குடுத்தீங்க." "அப்புறம்?" "அழுக நின்னுச்சி." "அதுதாம்ளா தேத்துதது." மறுநாளிலிருந்து தமிழ் வாசிப்பு ஆச்சி பொறுப்பு. நான் கேட்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது காலை ஜெபம் முடிந்து மூன்று மணி நேரம்தான் பாடம். நண்பர்கள் இல்லாமல் போய்விடுமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, மே மாதம் விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, சாயங்காலம் தெருவில் விளையாட்டு, எதுவும் நிற்கவில்லை. அயனாவரம், கொளத்தூரிலிருந்து இரண்டு குடும்பங்களோடு வெள்ளிக்கிழமை சேர்ந்து வெளியே போகிறோம். கோட்டைக்குள் 1680-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித மேரி ஆலயம், எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் எல்லாம் அப்படிப் பார்த்ததுதான்.

சான்றிதழ் பற்றி முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது. 12½ வயது நிறைந்தால் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். 14 வயதில் என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு. குறைந்தது ஐந்து பாடங்கள், தமிழும் எடுக்கலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடம் இருமுறை தேர்வு. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், டிசி, சாதிச் சான்றிதழ் மூலப்பிரதிகளை ஒரே கோப்பில் வையுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதற்கு நான் வேலையை விட்டேன். கணவருக்கு ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் நிரந்தர வேலை, வீட்டில் அத்தை இருக்கிறார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போயே ஆக வேண்டிய வீட்டில் இதைச் செய்வது கடினம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரின் விசுவாசம் குறைந்தது என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

இளையவனுக்கு வரும் ஜூனில் முதல் வகுப்பு. அவன் வேன் சத்தம் கேட்டாலே கேட்டுக்கு ஓடுகிற பிள்ளை, நண்பர்கள் கூட்டம் வேண்டும் அவனுக்கு. அனுப்புவதா, வீட்டிலேயே வைப்பதா என்று இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். அத்தை மட்டும் நேற்று சொன்னார்கள்: "எங்க படிச்சாலும் படிக்கட்டும். அ, ஆ மட்டும் நான் சொல்லிக் குடுக்கேன்."