14-க்கு 9 அங்குலக் காயில்

பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் கையில் எடுத்தது காயிலைத்தான். அப்பா கோயம்புத்தூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் கடையில் செப்புக் கம்பி சுற்றிப் பழகிய கை என்னுடையது. இப்போது இருப்பது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்துப் பெண்டிகோவில். 1850-களில் தங்கத்துக்காக உலகமே திரண்டு வந்த வட்டாரம் இது. மைனர்ஸ் ரைட் என்ற உரிமச் சீட்டை வாங்கிக்கொண்டால் 10 வருடத்துக்கு, அனுமதி உள்ள அரசுக் காடுகளில் யாரும் தங்கம் தேடலாம். இரண்டு வருடம் பணம் சேர்த்து, மண்ணுக்குள் உலோகம் தேடும் மைன்லேப் ஜிபிஎக்ஸ் 5000 டிடெக்டர் ஒன்று வாங்கினேன்.

கூடவே இரண்டு காயில்கள் வந்தன. இரண்டுமே 11 அங்குல வட்டம். ஒன்று மோனோ, மற்றது டிடி. அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"எத்தனை சுத்து கண்ணு? என்ன கேஜ்?"

"தெரியலீங்கப்பா. பிரிக்க முடியாதபடி மூடி ஒட்டியிருக்கு."

"சரி, ஒண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு?"

அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது.

இந்த வகை டிடெக்டர் காயிலில் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தி, சட்டென்று நிறுத்துகிறது. நிறுத்திய நொடியில் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அடங்கும். அது அடங்குவதைத்தான் ஹெட்ஃபோனில் கேட்கிறோம். மோனோவில் ஒரே சுற்று அனுப்பவும் செய்யும், கேட்கவும் செய்யும். டிடியில் 'டி' வடிவத்தில் இரண்டு சுற்றுகள் முதுகோடு முதுகாக, ஓரம் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்று அனுப்பும், மற்றது கேட்கும். இதனால் இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் டிடி அமைதியாக இருக்கும். இரும்பைத் தனியாகப் பிரித்துக் காட்டும் வசதியும் இந்த மாடலில் டிடிக்கு மட்டும்தான். மோனோவுக்குக் காது கூர்மை, ஆனால் மண் பேசுவதும் சேர்ந்து கேட்கும்.

இங்கே மண் நிறையவே பேசும். டனோலி பக்கம் செம்மண்ணில் இரும்புக்கல் பரல் பரலாகக் கிடக்கிறது. முதல் இரண்டு தடவையும் டிடியைப் போட்டு நடந்தேன். சுகமான அமைதி. கிடைத்தது பூட்ஸ் ஆணியும் ஈயக் குண்டும். மூன்றாம் தடவை மோனோவை மாட்டி, டைமிங்கை, அதாவது மண்ணுக்கேற்பத் துடிப்பை மாற்றும் அமைப்பை, இரும்பு மிகுந்த மண்ணுக்கான என்ஹான்ஸில் வைத்தேன். நான் பயந்த அளவுக்கு இரைச்சல் இல்லை. முன்பு நடந்த அதே ஓடைக்கரையில் மூன்று மெல்லிய சத்தங்கள் கேட்டன. மூன்றும் ஈயம்தான். ஆனால் டிடி அவற்றின்மேல் வாயே திறக்காமல் போயிருந்தது. அன்றே முடிவு செய்துவிட்டேன், எனக்கு மோனோதான். டிடி இப்போது, மின்சார இரைச்சல் குறுக்கிடும் மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் போனால் மட்டும்.

அப்புறம்தான் அளவுப் பிரச்சினை. பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடமாகத் தேடுகிறவர். பெரிய காயில் ஆழம் போகும் என்று தன் 17 அங்குல வட்டக் காயிலை இரவல் கொடுத்தார். ஆழம் போகும், உண்மைதான். ஆனால் உள்ளங்கை அளவு கட்டிக்குத்தான் அந்த ஆழம். நெல்மணி அளவுப் பொடிக்கு இல்லை, ஏனென்றால் பெரிய வட்டத்தில் காந்தப்புலம் பரந்துபோய்விடுகிறது. அதற்காகச் சின்னக் காயிலும் எல்லாவற்றுக்கும் ஆகாது. காயிலின் அளவைத் தாண்டித் தள்ளிப் போய்விட்டால் தூரம் இரண்டு மடங்காகும்போது திரும்பி வரும் சத்தம் கிட்டத்தட்ட 64-இல் ஒரு பங்காகக் குறைகிறது. இதை நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்கு மறக்காது.

அந்தப் பெரிய காயிலோடு ஒரு நாள் முழுக்க நடந்தேன். அயர்ன்பார்க் மரக்கன்றுகள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் அது நுழையவே இல்லை. மரத்தடியை எல்லாம் சுற்றிச் சுற்றி விட்டுவிட்டு வந்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை. 1869-இல் மோலியாகுலில் எடுத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர், சுமார் 70 கிலோ தங்கம், ஒரு மரத்தின் வேர்களுக்கு நடுவே, மண்ணுக்கு ஓரிரு அங்குலம் கீழேதான் கிடந்தது. தராசில் ஏறாமல் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் எடை போட்டார்கள். மரத்தடியை விட்டுவிட்டுப் போகும் காயில் எனக்கு எதற்கு?

அதனால் 14-க்கு 9 அங்குல நீள்வட்ட மோனோ வாங்கினேன். ஒரு வீச்சில் 14 அங்குல நீளத்துக்கு மண்ணைப் பார்த்துவிடுகிறது. அகலம் 9 என்பதால் சின்னப் பொடியும் தப்புவதில்லை. மூக்கை வேர்களுக்கு நடுவே நுழைக்கலாம். மாலை வரை வீசினாலும் தோள்பட்டை வலிப்பதில்லை. இந்தக் காட்டுக்கும் என் கைக்கும் இதுதான் சரி.

முதல் நாள் அது படுத்திய பாடு தனி. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ஒரு குரல் எழும், தோண்டினால் ஒன்றும் இருக்காது. காயிலுக்கு அடியில் மாட்டும் பாதுகாப்பு மூடியைக் கழற்றினேன். உள்ளே விரலளவுக்குச் செம்மண் சேர்ந்திருந்தது, அதுவும் ஈரம். கழுவித் துடைத்தேன், பாதி அடங்கியது. மீதிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். கைப்பேசியைக் கீழே சாய்த்து வைத்து வீசிக் காட்டினேன்.

"வயரு ஆடுது பாரு கண்ணு. காயிலுகிட்ட தொங்கவிட்டா சும்மா இருக்குமா? இறுக்கிக் கட்டு."

காயிலிலிருந்து மேலே ஏறும் வயர் தண்டோடு ஒட்டாமல் ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு இடத்தில் வெல்க்ரோ பட்டை போட்டு இறுக்கினேன். அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் நான், இரண்டு பேரும் பேசாமல் கேட்டோம். சத்தமே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மரத்தடியில், அரைச் சாண் ஆழத்தில் 0.6 கிராம் கிடைத்தது. ஒரு பக்கம் இன்னும் வெள்ளைக்கல் ஒட்டியிருந்தது. கழுவி, ஐந்து சென்ட் நாணயத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கடையில் எல்லோருக்கும் காட்டினாராம்.